போன் கணக்கு அக்கா வந்துட்டாங்க

வீடு வீடாகப் போய் ரத்தக் கொதிப்பு அளக்கிறவர்களுக்கு மோர் கிடைக்கும், சர்க்கரை அளக்கிறவர்களுக்கு உட்கார நாற்காலி கிடைக்கும், ஒருவர் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் போன் பார்க்கிறார் என்று அளக்கப் போகிறவளுக்கு மட்டும் "ஊட்டுல யாரும் இல்லைங்க" என்ற பதில்தான் கிடைக்கும், அதுவும் வீட்டுக்குள்ளிருந்தே.

இந்த வேலையில் எனக்கு ஒன்றரை வருஷம் ஆகிறது. ஊர் திருச்செங்கோடு. கல்யாணத்துக்கு முன்னால் வாங்கிய புள்ளியியல் பட்டம் பல வருஷம் பீரோவில் பட்டுச் சேலைக்கு அடியில் கிடந்தது. ஓர் ஆய்வு நிறுவனத்துக்குக் களப்பணியாளர்கள் வேண்டும் என்று கேள்விப்பட்டு அதைத் தூசி தட்டி எடுத்தேன். சேலம், நாமக்கல் பக்கம் நாற்பது பேர் என் பொறுப்பு. அவர்கள் சம்மதத்தோடு அவர்களுடைய போனில் ஒரு சின்னச் செயலியைப் போட்டுவிடுவோம். எதைத் திறந்தார்கள், என்ன மாதிரி வீடியோ, எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்று மட்டும் அது குறித்துக்கொள்ளும். மெசேஜைப் படிக்காது, போட்டோவைப் பார்க்காது. மாதம் ஒரு முறை நான் நேரில் போய், "போன மாசம் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் போன் பார்த்திருப்பீங்க?" என்று கேட்க வேண்டும். அவர் சொல்வதை எழுதிக்கொண்ட பிறகு, செயலி சொல்வதை அவருக்குக் காட்ட வேண்டும். இரண்டும் மாதாமாதம் எப்படி மாறுகின்றன என்பதுதான் ஆய்வு.

எங்களுக்கு விதிகள் இரண்டு. செயலி காட்டும் எண்ணைப் பார்த்ததும் முகம் மாறக் கூடாது. ஒருவருடைய எண்ணை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது, கட்டிய புருஷனே கேட்டாலும், பெற்ற தாயே கேட்டாலும். சொல்வதற்கு எளிதாகத்தான் இருக்கிறது.

உங்கள் போனிலும் இந்தக் கணக்கு எங்கேயோ ஒரு மூலையில் இருக்கிறது. ஒரு தடவை தெரியாமல் திறந்து பார்த்துவிட்டு, பக்கத்தில் யாராவது கவனித்தார்களா என்று திரும்பிப் பார்த்து, சட்டென்று மூடியிருப்பீர்கள். ஆகவே கூச்சப்படாமல் மேலே படியுங்கள். நாம் எல்லோரும் ஒரே பெஞ்சுதான்.

கழிவு போக

ஆத்தூரில் ஒரு கிழங்கு வியாபாரி. ஜவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளிக்கிழங்கு பிடித்துக் கொடுக்கிறவர். ஐம்பத்தைந்து வயசு, வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் இரண்டு பேனா. முதல் மாதம் போய்க் கேள்வியைக் கேட்டேன். "அரை மணி நேரம்மா. அதுவும் கிழங்கு ரேட்டு பார்க்கிறதுக்கு" என்றார். சொல்லும்போதே கட்டை விரல் திரையைத் தள்ளிக்கொண்டிருந்தது. யாரோ வட இந்தியாவில் ராட்சதச் சட்டியில் ஜிலேபி பிழிந்துகொண்டிருந்தார்கள். நான் அரை மணி என்று எழுதிக்கொண்டு, செயலியைத் திறந்து காட்டினேன். ஐந்து மணி பத்து நிமிஷம்.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். போனை அணைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். எண் இறங்கவில்லை. ஆனால் வியாபாரம் பார்த்தவர் அவ்வளவு சீக்கிரம் விடுவாரா? கிழங்கு லோடு ஆலைக்கு வந்தால் அப்படியே எடை போட்டுக் காசு கொடுக்க மாட்டார்கள், கழிவு என்று ஒன்று பிடிப்பார்கள் என்று எனக்கு விளக்க ஆரம்பித்தார். அதே மாதிரி இதிலும் பிடிக்க வேண்டுமாம். போனைத் திறந்து வைத்துவிட்டு ஆளோடு பேசிக்கொண்டிருந்தது ஒன்று. மச்சினன் அனுப்பிய வீடியோ ஒன்று, மரியாதைக்குப் பார்த்தது, அது இவர் கணக்கில் வராது. விளம்பரம் ஓடின நேரம் ஒன்று, அது கம்பெனிக்காரன் கணக்கு. கால் மணி நேரம் பேரம் பேசினார். நான் முகத்தை மாற்றாமல் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் பேனாவை எடுத்து என் படிவத்தை அவர் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார்:

"மண்ணு, வேரு, ஈரம் எல்லாம் கழிச்சுப் பாரும்மா, சுத்தமா அரை மணிதான் நிக்கும்."

தறிச் சத்தத்தில் ஒரு சினிமா

குமாரபாளையத்தில் செல்வராஜ் என்று ஒருவர், விசைத்தறி ஓட்டுகிறவர். அவருடைய எண் ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் என்று வந்தது. அத்தனையும் வீடியோ. சேலம் அலுவலகத்தில் இருந்து எங்கள் மேற்பார்வையாளர், "ஒரு மனுஷன் ஒன்பது மணி நேரம் படம் பார்த்தா துணியை யார் நெய்யறது? செயலியில ஏதோ கோளாறு, நேர்ல போய்ப் பாருங்க" என்று அனுப்பி வைத்தார்.

போனேன். தறிக்கூடத்துக்குள் நுழைந்ததும் என் குரல் எனக்கே கேட்கவில்லை. செல்வராஜ் நாலு தறிக்கு நடுவில் அங்குமிங்கும் ஓடி அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தார். போனை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு நூலால் தறிச் சட்டத்தில் கட்டியிருந்தார். அதில் ஏதோ நகைச்சுவைக் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. இவர் அதன் பக்கம் திரும்பியதாகவே தெரியவில்லை, ஆனால் சரியான இடத்தில் சிரித்தார். "கேக்குதுங்களா?" என்று நோட்டில் எழுதிக் காட்டினேன். இல்லை என்று தலையாட்டினார். வெளியே டீ குடிக்க வந்தபோதும் தறிக்கூடத்துக் குரலிலேயே கத்திப் பேசினார். இந்தக் காட்சிகளை எல்லாம் நூறு தடவை பார்த்தாயிற்றாம், வசனம் மனப்பாடமாம், வாயசைவு கண்ணில் பட்டால் போதுமாம்.

எனக்கு இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியவில்லை. படிவத்தில் 'பார்க்கிறார்' என்று ஒரு கட்டம், 'கேட்கிறார்' என்று ஒரு கட்டம்தான் இருக்கின்றன. இவர் இரண்டும் செய்யவில்லை. "கேக்காத படத்தை எதுக்குங்க நாள் பூரா ஓட்டறீங்க?" என்றேன். அவர் திரும்பி உள்ளே பார்த்தார். அவர் மனைவி தறிகளுக்கு அந்தப் பக்கம் நூல் சுற்றிக்கொண்டே இவரைப் பார்த்து என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். இங்கே பேசுவது அங்கே கேட்காது என்று உறுதிப்படுத்திக்கொண்டு செல்வராஜ் சொன்னார்:

"எம் பொண்டாட்டி பேசறதுகூடத்தான் தறிச் சத்தத்துல கேக்க மாட்டீங்குது, அதுக்குன்னு நிறுத்தச் சொல்ல முடியுங்களா?"

மல்லிகாவும் டிராக்டர் ஏலமும்

எங்கள் ஊரிலேயே குமரேசன், மல்லிகா என்று ஒரு தம்பதி. குமரேசன் போர்வெல் வண்டிக்கு ஆர்டர் பிடித்துக் கொடுக்கிறவர். இரண்டு பேர் போனிலும் செயலி உண்டு. முதல் மாதம் குமரேசனுக்கு ஆறு மணி நேரம் வந்தது. அவரே போய் அதைப் பெண்டாட்டியிடம் காட்டிவிட்டார். நான் சொல்லவில்லை, விதியை மீறவில்லை. மல்லிகா ஒரு வாரம் சிரித்தாராம். தண்ணீர் கேட்டால், "போன்ல ஆர்டர் போடுங்க, வரும்" என்றாராம். குமரேசனுக்கு ரோஷம் வந்துவிட்டது. இனிமேல் ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடுவதில்லை என்று சபதம் போட்டார்.

மூன்றாம் மாதம் போனேன். ஐம்பது நிமிஷம்! எனக்கு முகம் மாறிவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். ஆறு மணியில் இருந்து ஐம்பது நிமிஷத்துக்கு இறங்கியவர் என் நாற்பது பேரில் இவர் ஒருவர்தான். குமரேசன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, எப்படி மனதை அடக்க வேண்டும் என்று எனக்கு வகுப்பெடுத்தார். காலையில் எழுந்ததும் போனைத் தொடக் கூடாது, சாப்பிடும்போது தொடக் கூடாது என்று வரிசையாகச் சொன்னார். நான் ஒன்று விடாமல் குறிப்பெடுத்தேன்.

அப்புறம் மல்லிகாவின் போனைத் திறந்தேன். இதுவரை சமையல், சீரியல் என்று ஒன்றரை மணியோடு நிற்கிறவர். இந்த மாதம் நாலரை மணி. பழைய டிராக்டர் ஏலம் ஒரு மணி நேரம், கம்ப்ரசர் பழுதுபார்ப்பது அரை மணி நேரம், கிரிக்கெட் அதற்கும் மேலே. குமரேசன் திடீரென்று எழுந்து வண்டியைத் துடைக்கப் போனார். மல்லிகா கரண்டியோடு வந்து என் பக்கத்தில் நின்று, திரையை எட்டிப் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்:

"அக்கா, இந்த டிராக்டர் ஏலத்தையெல்லாம் எம் பேருல ஏத்திப் போடாதீங்க, ஆபீஸ்ல பாத்தா என்னைப் பத்தி என்னங்க நெனைப்பாங்க?"

முப்பதாயிரம் கோழி

நாமக்கல்லில் சின்னுசாமி என்று ஒரு முட்டைப் பண்ணைக்காரர். அவருடைய எண் எட்டு மணி நேரம். பண்ணை முழுக்கக் கேமரா வைத்திருக்கிறார், வீட்டு சோபாவில் படுத்துக்கொண்டே போனில் கோழிகளைப் பார்க்கிறார். 'பொழுதுபோக்கு' என்று போடப் போன என் பேனாவைக் கையோடு பிடித்து நிறுத்தினார். இது வேலை என்றார். சரி என்று 'வேலை' கட்டத்தில் போட்டேன். நடுவில் இரண்டு மணி நேரம் சீட்டாட்டம் இருக்கிறதே என்று கேட்டேன். கோழிகள் மத்தியானத்தில் ஒன்றும் செய்வதில்லை, அந்த நேரத்தில் கண் அசந்துவிடாமல் இருப்பதற்காக ஆடுவது, ஆகவே அதுவும் வேலைதான் என்றார். "பண்ணை பக்கத்துலதானேங்க, நேர்லயே போய்ப் பாக்கலாமே?" என்று நான் கேட்டது அவருக்குப் பிடிக்கவில்லை. எழுந்து உட்கார்ந்து திரையை என் பக்கம் திருப்பினார். வரிசை வரிசையாகக் கோழிகள்.

"முப்பதாயிரம் கோழி இருக்குதுங்க, ஒண்ணாச்சும் போனப் பாக்குதுங்களா? அதான் எல்லாத்துக்கும் சேத்து நானே பாக்கறேன்."

லைனில் இருப்பது

நாமக்கல்லைத் தாண்டி ஒரு ஊரில் தனலட்சுமி அக்கா. கணவர் ரங்கசாமி வடக்கே லோடு ஏற்றிப் போகும் லாரி டிரைவர். மாதத்தில் இருபது நாள் வீட்டில் இருக்க மாட்டார். தனலட்சுமி அக்காவின் போனில் வேறு எதுவும் கிடையாது. வீடியோ கால் மட்டும், தினமும் பகலில் மூன்று மணி நேரம். "அவ்வளவு நேரம் என்னங்க்கா பேசுவீங்க?" என்று கேட்டேன். அடுப்படிக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். உப்பு ஜாடியில் போன் சாய்ந்து நின்றது. திரையில் லாரியின் உள்கூரை தெரிந்தது, ஒரு சின்ன ஃபேன் சுற்றியது. ஏதோ ஒரு கிடங்கு வாசலில் லோடு இறக்கக் காத்திருக்கும் ரங்கசாமி போனை மேலே பார்க்க வைத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். குறட்டை சன்னமாகக் கேட்டது. அக்கா இந்தப் பக்கம் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். "பேசறதெல்லாம் அஞ்சு நிமிசந்தானுங்க. அப்புறம் சும்மா லைன்ல இருப்போம். தாளிக்கற சத்தம் கேட்டா அவருக்கு ஊட்டுல இருக்கற மாதிரி இருக்குமாமுங்க" என்றார்.

எட்டாவது மாதம் அந்த மூன்று மணி நேரம் திடீரென்று இரண்டு நிமிஷமாக இறங்கிவிட்டது. அலுவலகத்துக்கு அது ஒரு கோடு கீழே விழுவது. நான் அன்றைக்கே கிளம்பிவிட்டேன். நெடுஞ்சாலையில் ஸ்கூட்டரில் போகும்போது எதிரே வந்த ஒவ்வொரு லாரியையும் பார்த்துப் பயந்துகொண்டே போனேன். கேள்வியை எப்படி ஆரம்பிப்பது என்று வழி முழுக்க யோசித்தேன். போய்ப் பார்த்தால் வாசலில் கட்டிலில் ரங்கசாமி உட்கார்ந்திருக்கிறார், முழுசாக, பனியனோடு, கையில் போனோடு. முதுகுவலி தாங்காமல் டாக்டர் நெடுந்தூரம் ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். லாரியை விட்டு இறங்கி, பக்கத்தில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு அவர் போனிலும் செயலியைப் போட்டேன்.

அடுத்த மாதம் பார்த்தால் அவர் வாசலில் நாலு மணி நேரம் அரசியல் விவாதம் பார்க்கிறார், அக்கா உள்ளே மூன்று மணி நேரம் கோலம் போடுவதைப் பார்க்கிறார். அந்த இரண்டு நிமிஷக் கால் என்னவென்று கேட்டேன். சோறு ஆனதும் அடுப்படியில் இருந்து வாசலுக்குக் கூப்பிடுவதாம். படிவத்தில் 'அழைப்பு நேரம் குறைந்ததற்குக் காரணம்' என்று ஒரு வரி காலியாக இருந்தது. கேட்டேன். அக்காவுக்கு என் கேள்வியே புரியவில்லை.

"அதான் கண்ணு முன்னாலயே உக்காந்திருக்காரல்லங்க, இனிமே பேசறதுக்கு என்ன இருக்குது?"

ஆம்பளைக் குரல்

இதைச் சிரித்துக்கொண்டே சொல்ல எனக்குச் சில மாதங்கள் பிடித்தன. சேலத்தை ஒட்டி, மலைப்பாதை ஏறும் இடத்தில் கொண்டப்பநாயக்கன்பட்டி. அங்கே ஒரே தெருவில் ஆறு பேர் எனக்கு. ஆறு பேரையும் சேர்த்துக் கொடுத்தவர் முருகேசன், பைக் உதிரிபாகக் கடை வைத்திருப்பவர், தெருவில் அவர் பேச்சுக்கு மதிப்பு உண்டு. ஆறில் அவரும் ஒருவர், அவர் மனைவி கவிதாவும் ஒருவர். கவிதாவின் எண் மாதாமாதம் ஏறிக்கொண்டே வந்தது. இரண்டு மணி, மூன்று மணி, ஐந்தாம் மாதம் ஐந்து மணி. அத்தனையும் ஒரே ஒரு படிப்புச் செயலியில். குரூப் ஃபோர் பரீட்சைக்குப் பாடம் கேட்கிறாள். அவளே என்னிடம் ரகசியமாகச் சொன்னாள். கல்யாணமான புதிதில் ஒரு தடவை எழுதித் தேறவில்லையாம், நாத்தனார் அதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாராம். இந்தத் தடவை பாஸ் ஆன பிறகுதான் வீட்டுக்கே தெரிய வேண்டும் என்று வைராக்கியம்.

ஒரு நாள் நான் கிளம்பும்போது முருகேசன் கேட் வரைக்கும் கூடவே வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மேடம், உங்களுக்கு எல்லாம் தெரியும். எதுல இவ்வளவு நேரம் இருக்கான்னு மட்டும் சொல்லுங்க. காதுல வயர் மாட்டியிருக்கா. கிட்டப் போனா ஆம்பளைக் குரல் கேக்குது. என்னைப் பார்த்ததும் உருவிடறா" என்றார். எனக்கு விஷயம் தெரியும். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் அவர் சந்தேகம் அந்த இடத்திலேயே தீர்ந்துவிடும். ஆனால் அந்த வார்த்தை என்னுடையது கிடையாது, கவிதாவுடையது. "சொல்லக் கூடாதுங்க. அவங்களையே கேளுங்க" என்றேன். "அப்படின்னா ஏதோ இருக்கு" என்றார். நான் வாயை மூடிக்கொண்டதே அவளுக்கு எதிரான சாட்சியாகப் போய்விட்டது. ஜன்னலுக்குப் பின்னால் கவிதா நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முருகேசன் தன் போனில் இருந்த செயலியை என் கண் முன்னால் அழித்தார். நான் திருச்செங்கோடு வந்து சேர்வதற்குள் மற்ற நாலு வீட்டிலும் அழித்துவிட்டார்கள். சற்று நேரத்தில் கவிதாவின் போனில் இருந்ததும் போயிற்று. "ஒரே தெருவுல ஆறு பேரா? அந்த ஆளுக்கு ஏதாவது ஒரு பதிலைச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்று மேற்பார்வையாளர் திட்டினார். அதைவிட, அந்த வீட்டில் என்ன நடக்கிறதோ என்ற கவலைதான் எனக்கு. போன் பண்ணிக் கேட்டால் அவர் சந்தேகம் இன்னும் ஏறும்.

அடுத்த மாதம் வேலையே இல்லாத அந்தத் தெருவுக்குப் போய் நின்றேன். காய்கறிக் கடையில் கவிதா இருந்தாள். என்னைப் பார்த்ததும் கத்தரிக்காயைத் தட்டிலேயே போட்டுவிட்டு ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அன்று சாயங்காலமே முருகேசன் நேராகக் கேட்டுவிட்டாராம். இவள் தன் காதில் இருந்ததைக் கழற்றி அவர் காதில் மாட்டிவிட்டாளாம். உள்ளே ஒரு வாத்தியார் சோழர் காலத்து நிலவரியைப் பற்றி அடித்தொண்டையில் பேசிக்கொண்டிருந்தார். முருகேசன் கால் மணி நேரம் அசையாமல் கேட்டிருக்கிறார். பிறகு, "இதை ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றாராம். "பாஸ் ஆனா சொல்லலாம்னு இருந்தேன். ஆகலைன்னா யாருக்கும் தெரிய வேணாம்னு இருந்தேன்" என்றாளாம் இவள்.

பரீட்சையன்று கடையைப் பூட்டிவிட்டு அவரே பைக்கில் கூட்டிப்போய், வெளியே மரத்தடியில் மூன்று மணி நேரம் காத்திருந்தாராம். இந்தத் தடவையும் கொஞ்சத்தில் தவறிவிட்டது. ஆனால் இப்போது கவிதா காதில் எதையும் மாட்டுவதில்லை. வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி சத்தமாக வைத்துப் படிக்கிறாள். நாத்தனார் வந்தால் இன்னும் கொஞ்சம் சத்தமாக வைக்கிறாள். ஆறு பேரையும் முருகேசனே மறுபடி சேர்த்துக் கொடுத்தார். செயலியைப் போட்டுக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டார்:

"ஏன் மேடம், அஞ்சு மாசமா நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தது ஒரு வரலாறு வாத்தியாருக்காகவா?"

முதல் இடம்

போன மாதம் சேலம் அலுவலகத்தில் கூட்டம். களப்பணியாளர்கள் ஒன்பது பேர் இருக்கிறோம். மக்கள் படும் பாட்டை நாங்களும் கொஞ்சம் பட வேண்டும் என்று மேற்பார்வையாளர் எங்கள் போன்களிலும் ஒரு மாதம் முன்பே செயலியைப் போட வைத்திருந்தார். முதலில் எல்லோரும் தங்கள் நேரத்தைச் சீட்டில் எழுதிக் கொடுத்தோம். நான் துணிச்சலாக இரண்டு மணி நேரம் என்று எழுதினேன். நாள் முழுக்க ஸ்கூட்டரில் சுற்றுகிறவளுக்குப் போன் பார்க்க எங்கே நேரம்?

சுவரில் பட்டியலைப் போட்டார்கள், இரண்டாம் விதி எங்களுக்குக் கிடையாதாம். ஒன்பது பேரில் நான்தான் முதல். ஆறு மணி நாற்பது நிமிஷம். பக்கத்தில் இருந்தவர்கள் யாருக்கும் முகம் மாறவில்லை, நல்ல பயிற்சி பெற்றவர்கள். நான் எழுந்து நின்று விளக்கினேன். என் நாற்பது பேரின் நேரக் கணக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், வழி தெரியாத ஊர்களுக்கு மேப் பார்த்தேன், சாப்பிடும்போது மட்டும் கொஞ்சம் பூனை வீடியோ. "சாப்பிடும்போது எவ்வளவு நேரம்?" என்று மேற்பார்வையாளர் கேட்டார். திரையைப் பார்த்தேன், ஒன்றே முக்கால் மணி நேரம். அவர் பட்டியலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மேடம், உங்களை ஆய்வுக்கு அனுப்பறதா, இல்ல ஆய்வுல சேர்த்துக்கறதான்னுதான் யோசிச்சிட்டிருக்கேன்."

இத்தனை வீடு ஏறி இறங்கியதில் எனக்குத் தெரிந்ததெல்லாம், எந்தப் போனைக் கேட்டாலும் நேரத்தைத்தான் சொல்லும், எந்த மனுஷரைக் கேட்டாலும் காரணத்தைத்தான் சொல்வார், எனக்குச் சம்பளம் கிடைப்பது அந்த இரண்டும் இன்னும் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளாததால்தான்.